நான் சுருக்கிய கேள்வி

எங்கள் கட்டடத்தின் பின்வேலிக்கு அப்பால் இருக்கும் களஞ்சிய முற்றத்தில் குளிர்வண்டிகள் வந்து நிற்கத் தொடங்கியது நவம்பர் மாதத்தின் முதலாவது வியாழக்கிழமை. நாலாம் மாடியில் இருக்கும் ஒரு குடும்பம் அது ஒக்டோபர் என்று இன்றைக்கும் சொல்கிறது. அவர்கள் சொல்வது பிழை. ஒக்டோபரில் வந்தவை சாதாரண ட்ரக்குகள். பெட்டியின் முகப்பில் தனியாக ஒரு டீசல் இயந்திரம் பூட்டி, ட்ரக் நின்றாலும் அது நிற்காமல் ஓடி உள்ளே இருக்கும் சாமானைக் குளிராக வைத்திருக்கும் வண்டிகள் வேறு. ஓட்டுகிறவர்கள் அவற்றை ரீஃபர் என்பார்கள். அவை நவம்பரில்தான் வந்தன.

இப்படிப்பட்ட விஷயங்களில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. முப்பது வருடத்துக்கு மேல் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் கோப்பறையில் வேலை செய்தவன். ஸ்காபரோவில் நாங்கள் இருக்கும் வோபர்ன் பகுதியில் முதல் தமிழ்க் கடை எந்த மாதத்தில் திறந்தது என்பது பற்றி வாரப்பத்திரிகை ஒன்றுக்கு மூன்று திருத்தக் கடிதம் எழுதியிருக்கிறேன், மூன்றாவதைத்தான் போட்டார்கள். கல்வெட்டு ஆய்வாளர்கள் ஒரு அரசனின் ஆட்சியாண்டுக்காகப் பக்கம் பக்கமாகச் சண்டை பிடிக்கும் புத்தகங்களை மற்றவர்கள் துப்பறியும் கதை படிப்பதுபோலப் படிப்பேன். துல்லியம் ஒரு நற்குணம் என்று அறுபது வயது தாண்டியும் நம்பிக்கொண்டிருந்தேன்.

என் கதவுக்கு நேர் எதிர்க் கதவு நான் அண்ணை என்று கூப்பிடுபவருடையது. தீவுப்பகுதிக் கத்தோலிக்கர், என்னைவிட நாலு வயது மூத்தவர், மனைவி இறந்தபின் தனியாக இருந்தவர். பிறம்ரனில் இருந்து இருபது வருடம் ரீஃபர் ஓட்டியவர். அந்த வேலைக்காகவே வாரத்தில் பாதி நாள் ஸ்காபரோவில் இல்லாமல் இருந்தார். ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கத் தொடங்கிய இரண்டாம் வருடம் ரீஃபர்கள் அவரைத் தேடி வேலிவரை வந்துவிட்டன. அவருடைய நுரையீரல் ஏற்கெனவே கெட்டிருந்தது. நாற்பது வயதுவரை சிகரெட்டும் பிடித்தவர் என்பதை அவர் ஒளிப்பதில்லை. படுக்கையறையில் ஒக்சிஜன் மெஷின் ஒன்று இருந்தது. ஒரு வசனத்தை இரண்டு மூன்று துண்டாகத்தான் சொல்லுவார்.

"தம்பி, உதிலை மூண்டாவதா நிக்கிறதைக் கேள்," என்பார், பல்கனிக் கதவை ஒரு விரல் அளவுக்குத் திறந்து. "விட்டு விட்டு ஓடுறான். அப்ப உறைஞ்ச சாமான். கோழியோ... மீனோ. பழம் எண்டா நிப்பாட்டாமல் ஓடவேணும்." பிறகு இருமுவார். கதவை மூடுவார். "உவன்ர இஞ்சின் சரியில்லை. கறுப்பாத் தள்ளுறான். நானெண்டா உப்பிடி விடமாட்டன்."

என்னை அவர் ரெஜிஸ்ட்ரார் என்று பட்டம் தெளித்துக் கேலி செய்வார். நான் வண்டிகள் நின்ற நாட்களை எழுதத் தொடங்கியபிறகு வந்த பட்டம் அது. "ரெஜிஸ்ட்ரார் ஐயா, நான் இருமினதையும் பதியிறியளோ? பிறப்பு, இறப்பு, இருமல் எண்டு மூண்டு புத்தகம் போடுங்கோ."

அண்ணையின் மகள் நகரத்துக்கு வெளியே விட்பியில் புதிதாகக் கட்டிய வீடுகளில் ஒன்றை வாங்கியிருந்தாள். கீழ்த்தட்டில் அப்பாவுக்கென்று ஒரு அறையும் விட்டிருந்தாள். வைத்தியர் ஒன்றில் அந்தப் புகை போகவேண்டும், அல்லது இவர் போகவேண்டும் என்று சொல்லிவிட்டார். மகள் இலையுதிர்காலம்வரை தவணை கொடுத்தாள். அதற்குள் பின்வேலிக்கு ஒரு முடிவு வராவிட்டால் அப்பா விட்பிக்கு வந்துவிட வேண்டும்.

அண்ணைக்கு அது தண்டனை. இங்கே அவருக்கு நடந்துபோகும் தூரத்தில் தேவாலயம் இருந்தது. மோலில் காலை பத்து மணிக்குக் கோப்பி குடிக்கக் கூடும் ஐந்தாறு பேர் இருந்தார்கள். தமிழ் வைத்தியர், தமிழ் மருந்துக்கடை, பஸ். விட்பியில் மகளும் மருமகனும் காலையில் வேலைக்குப் போனால் தெருவில் ஆளைக் காணமுடியாது. கார் ஓட்டும் அனுமதியை வைத்தியர் ஏற்கெனவே எடுத்துவிட்டார்.

"இருபது வருசம் லோட் ஏத்தினனான்," என்றார் ஒருநாள். "இப்ப என்னை... லோட்டா ஏத்தப் பாக்கினம். ஆரும் கொண்டுபோய் இறக்கினாத்தான் பூசை. ஆரும் இறக்கினாத்தான் கடை. ஏலாது தம்பி."

இந்த நிலையில்தான் நகரசபையில் ஒரு புதிய விதி பேச்சுக்கு வந்தது. குடியிருப்புகளுக்கு அருகே நிறுத்தப்படும் குளிர்வண்டிகள் டீசலை நிறுத்திவிட்டு மின்சாரத்தில் கொழுவித்தான் ஓடவேண்டும் என்பது விதி. அண்ணை அதைக் கேட்டதும், அது கனகாலமாகச் செய்யக்கூடிய வேலை, நிறைய ரீஃபர்களில் மின்சாரத்துக்கான கொழுவி இருக்கிறது, முற்றத்தில் மின்னிணைப்புப் போட்டால் சரி என்றார். விதியைத் தயாரித்த அலுவலகம் கோடைவிடுமுறைக்கு முன் அதை வாக்கெடுப்புக்கு விட விரும்பியது. அதற்கு முதல், அறிவியல் என்ன சொல்கிறது என்று கேட்க ஒரு விரைவுச் சான்றாய்வுக்கு ஒழுங்கு செய்தது.

அது என்னவென்று எனக்கும் அப்போதுதான் தெரியும். உலகத்தில் ஒரு விஷயம் பற்றி வந்த ஆய்வுகள் எல்லாவற்றையும் தேடி, தரம் பார்த்து, தொகுத்து முடிவு சொல்வதற்கு ஒழுங்கான முறையில் ஒரு வருடம், ஒன்றரை வருடம் எடுக்கும். சட்டம் செய்கிறவர்கள் அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை. எனவே அதே வேலையைச் சில இடங்களில் குறுக்கி ஆறு வாரத்தில் செய்வார்கள். இருவர் வாசிக்க வேண்டியதை ஒருவர் வாசிப்பார். ஆங்கிலத்தில் வந்ததை மட்டும் பார்ப்பார்கள். கேள்வியை முன்கூட்டியே தீர்மானித்து, பகிரங்கமாகப் பதிந்துவிட்டு, அந்தக் கேள்விக்குள் வருவதை மட்டும் எடுப்பார்கள். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. எங்கே எதைக் குறுக்கினோம் என்று எழுதியே வைப்பார்கள். இந்த முறையை நான் அன்றும் மதித்தேன், இன்றும் குறைசொல்ல மாட்டேன். அதுதான் எனக்கு இன்னும் கசக்கிறது.

இந்த ஆய்வுக்கான ஆலோசனைக் குழுவுக்குக் குடியிருப்பாளர் ஒருவர் தேவைப்பட்டார். அதற்காகக் கூட்டிய பொதுக்கூட்டத்துக்கு நான் பதின்மூன்று மாதத்துக் குறிப்புகளைத் தட்டச்சு செய்து கொண்டுபோயிருந்தேன். என்னைத் தெரிவு செய்தார்கள். வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி, "இனி உங்களோடை கதைக்கிறதுக்கு அப்பொயின்ற்மென்ற் எடுக்கவேணுமோ?" என்றாள். எதிர்க் கதவைத் தட்டிச் சொன்னேன். அண்ணை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண் கலங்கியிருந்தது, அது இருமலாலும் இருக்கலாம்.

"எங்கட ஆள் ஒண்டு உள்ளுக்கை நிக்குது," என்றார். "அது காணும்."

முதல் கூட்டம் மார்ச் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர். தலைவர் ஓய்வுபெற்ற பொறியியலாளர். களஞ்சிய உரிமையாளர்கள் சார்பில் வந்த ஒருவர் எனக்கு நேர் எதிரே இருந்தார். ஆய்வை நடத்தப்போகிறவள் கோயம்புத்தூர்ப் பெண், முப்பது வயதுக்குச் சற்று மேலே இருக்கும். அவள் தயாரித்த கேள்வியைத் திரையில் போட்டாள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: குடியிருப்புகளுக்கு அருகே வெளிவரும் டீசல் புகை அங்கே வாழ்பவர்களின் சுவாசத்தைப் பாதிக்கிறதா?

நான் கையை உயர்த்தினேன்.

டீசல் புகை என்பது மிகவும் அகலமான சொல் என்றேன். அதற்குள் நெடுஞ்சாலை வரும், துறைமுகம் வரும், சுரங்கம் வரும், ரயில் வரும். நாங்கள் இங்கே துறைமுகத்துக்கு விதி செய்யவில்லை. எங்கள் வேலிக்குப் பின்னால் நிற்பது ரீஃபர். ஓடிக்கொண்டிருக்கும் ரீஃபரும் அல்ல, நிறுத்திவைத்த ரீஃபர். கேள்வியும் அதையே சொல்லட்டும். அகலமாகக் கேட்டால் நாளைக்கு எவராவது வந்து நீங்கள் காட்டுவது வேறு புகை என்று சொல்லித் தப்பிவிடுவார்கள்.

இதை ஐந்து நிமிடம் சொன்னேன். முதல்நாளே வீட்டில் சொல்லிப் பார்த்திருந்தேன். தலைவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இதற்காகத்தான் குடியிருப்பாளர்கள் குழுவில் இருக்கவேண்டும் என்றார். எதிரே இருந்த உரிமையாளர்களின் ஆள் அதுவரை எதற்கும் தலையாட்டாதவர், இதற்குத் தலையாட்டினார். எனக்கு அது வெற்றியாகத் தெரிந்தது. அந்தத் தலையாட்டலை அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

கூட்டம் முடிந்து லிஃப்ற்றுக்கு நிற்கும்போது அந்தப் பெண் என்னிடம் வந்தாள்.

"சார், நீங்க சொன்னது புரியுது. ஆனா கேள்வி இவ்ளோ டைட்டா இருந்தா ஒண்ணுமே கிடைக்காமப் போயிடும். ரீஃபரை மட்டும் தனியா எடுத்து யாரும் அதிகமா ஆராய்ச்சி பண்ணியிருக்க மாட்டாங்க. டீசல்னு வெச்சுக்கிட்டா நெறைய இருக்கு. கொஞ்சம் லூசாவே விட்டுரலாமே?"

"பிள்ளை, கேள்வி சரியா இருந்தால்தான் பதிலும் சரியா வரும்," என்றேன்.

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். "நாளைக்குப் பதிஞ்சிருவோம் சார். பதிஞ்சதுக்கப்புறம் மாத்த முடியாது. இன்னிக்கு ஒரு நாள் யோசிச்சுப் பாருங்க. காலைல ஒரு மெயில் போட்டாக்கூடப் போதும்."

நான் யோசிக்கவில்லை. அவளுக்கு வயது காணாது என்று நினைத்தேன். காலையில் மெயில் போட்டேன், கேள்வியில் "நிறுத்திவைக்கப்பட்ட" என்ற சொல் விடுபடாமல் பார்க்கும்படி.

அடுத்த வாரங்களில் சலித்தெடுக்கும் வேலை நடந்தது. தேடுபொறி கொட்டிய கட்டுரைகளின் தலைப்பையும் சுருக்கத்தையும் அவள் ஒருத்தியே பார்த்து, கேள்விக்குள் வருவதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளினாள். தள்ளியதில் ஒரு பகுதியை வேறு கண் பார்க்க வேண்டும் என்பது முறை. நான் முன்வந்தேன். நூலகத்தில் ஜன்னலோர மேசை ஒன்றில் இருந்து வாசித்தேன். வாழ்க்கையில் அதைவிட மகிழ்ச்சியாக நான் வேலை செய்த நாட்கள் குறைவு. பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் வாழ்கிற வயோதிபர்கள். வெளியே. துறைமுகச் சாலையோரப் பிள்ளைகளின் இருமல். வெளியே. களஞ்சியங்களுக்குப் போய்வரும் ட்ரக்குகள். ஓடுகிற ட்ரக், நிறுத்தியது அல்ல. வெளியே. ஒவ்வொன்றுக்கும் காரணத்தைத் தனிப்பத்தியில் எழுதினேன். ஓரிடத்தில் அவள் சந்தேகத்தில் உள்ளே விட்டிருந்த ஒரு கட்டுரையைக்கூட நான் வெளியே போடச் சொன்னேன். அது பெட்டிவண்டிகள் தரித்து நிற்கும் முற்றம் ஒன்றைப் பற்றியது. ஆனால் அவை குளிர்வண்டிகளா என்று அதில் எங்கும் சொல்லியிருக்கவில்லை.

அந்த நாட்களில் அண்ணையை லிஃப்ற்றில் சந்திப்பேன்.

"என்ன ரெஜிஸ்ட்ரார், தீர்ப்பு எப்ப?"

"அண்ணை, வெளியிலை சொல்லக்கூடாது. கையெழுத்து வைச்சிருக்கிறன்."

"எட, எனக்குமோ?"

"ஆருக்கும்."

"மூச்சு என்ர," என்றார், சுவரில் சாய்ந்துகொண்டு. "ரகசியம்... உன்ரயோ?" பிறகு எங்களோடு நின்ற பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து, "பெரியாக்கள். உவரோடை இனிக் கவனமாக் கதைக்கவேணும்," என்றார். மூன்று பேரும் சிரித்தோம்.

வரைவு அறிக்கை ஏப்ரல் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. மார்க்கம் ரோட்டில் போகும் பஸ்ஸில் இருந்து தொலைபேசியில் வாசித்தேன். நிறுத்திவைக்கப்பட்ட குளிர்வண்டிகளின் புகையைத் தனியாக ஆராய்ந்த கட்டுரைகள் மிகச் சில. அவற்றிலும் பெரும்பாலானவை ஓட்டுநர்களைப் பற்றியவை, அயலில் வாழ்பவர்களைப் பற்றியவை அல்ல. எனவே ஒரு முடிவுக்கு வரப் போதிய சான்று கிடைக்கவில்லை. ஒவ்வொரு வசனமும் உண்மை. ஒரு சொல்லைக்கூட நான் திருத்தியிருக்க முடியாது.

இறங்கவேண்டிய தரிப்பிடத்தைத் தாண்டிவிட்டேன். நூலக ஜன்னலோரத்தில் நான் வெளியே போட்ட கட்டுரைகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. அவை எல்லாமே ஒரே விஷயத்தைத்தான் சொன்னவை. டீசல் புகைக்கு அது எந்த இயந்திரத்தில் இருந்து வந்தது என்ற கவலை இல்லை. அதை மூச்சில் இழுக்கிறவருக்கும் இல்லை. எனக்கு மட்டுந்தான் இருந்தது.

திங்கட்கிழமை மதியம் அந்தப் பெண்ணின் அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் கோப்பிக்கடையில் அவளைச் சந்தித்தேன்.

"கேள்வியை மாத்தேலாதோ?" என்றேன், இருக்க முன்னமே.

"பதிஞ்சாச்சு சார்."

"நீங்கள் முதல் போட்ட மாதிரி, டீசல் எண்டு. கட்டுரையள் எல்லாம் கையிலை இருக்குத்தானே. நான் ராப்பகலா இருந்து வாசிச்சுத் தாறன்."

"ரிசல்ட் வந்ததுக்கப்புறம் கேள்விய மாத்தினா அது ஆய்வே இல்ல சார். இன்னிக்கு நாம நல்லதுக்கு மாத்துவோம். நாளைக்கு உங்க எதிர்ல உக்காந்திருந்தாரே, அவர் வந்து மாத்தச் சொல்வார். அப்ப என்ன சொல்றது?"

அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

"நான் ஒரு பத்தி சேர்த்திருக்கேன்," என்றாள். "டீசல் புகை பொதுவாவே சுவாசத்துக்குக் கெடுதின்னு நல்லாத் தெரிஞ்ச விஷயம், இந்த ஆய்வு அதைத் தேடவே இல்ல, தேடாததை இல்லைன்னு எடுத்துக்கக் கூடாது. அப்படியே எழுதியிருக்கேன்."

"எத்தினையாம் பக்கம்?"

"இருபத்தியொண்ணு."

"கவுன்சிலர்மார் இருபத்தொராம் பக்கம் மட்டும் வாசிப்பினமோ?"

"அவங்களுக்கு ஒரு பக்கச் சுருக்கம் போகும்."

"அதிலை உந்தப் பத்தி வருமோ?"

அவள் கோப்பியைக் கலக்கினாள். கலக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை. "சுருக்கத்தை நாங்க எழுதறதில்ல சார். வேற டீம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் சொல்லிப் பார்க்கறேன்," என்றாள்.

சொல்லியும் பார்த்திருப்பாள். சுருக்கத்தில் அந்தப் பத்தி இல்லை. "போதிய சான்று கிடைக்கவில்லை" என்பது தடித்த எழுத்தில் இருந்தது.

வாக்கெடுப்பு ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. பொதுமக்கள் பேசுவதற்கு ஆளுக்குச் சில நிமிடம் தந்தார்கள். நான் இருபத்தொராம் பக்கத்தை வாசித்தேன். வாசித்து முடிய, கவுன்சிலர் ஒருவர் மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

"கேள்வியைத் தீர்மானித்த கூட்டத்தில் நீங்கள் இருந்தீர்களா?"

"இருந்தேன்."

"இந்தக் கேள்விக்கு உடன்பட்டீர்களா?"

"உடன்பட்டேன்," என்றேன். அது என்னுடைய கேள்வி என்று சொல்லவில்லை. பதின்மூன்று மாதம் ஒரு நாளையும் பிழையாக எழுதாதவன், அந்த இடத்தில் பாதி உண்மையோடு நிறுத்திக்கொண்டேன்.

மேலதிக சான்று கிடைக்கும்வரை விதியை ஒத்திவைப்பது என்று தீர்மானமாயிற்று. அந்த மேலதிக சான்றை யார், எப்போது தேடவேண்டும் என்று தீர்மானத்தில் ஒன்றும் இல்லை. குழுவில் எதிரே இருந்த உரிமையாளர்களின் ஆள் வாசலில் எனக்குக் கைகொடுத்தார். நல்ல மனிதர். அவருக்கு என்னில் ஒரு கோபமும் இல்லை. ஏன் இருக்கவேண்டும்?

கூட்டத்தை இணையத்தில் காட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அண்ணையின் மகள் அவருக்கு ஒரு டப்லெற் வாங்கிக் கொடுத்திருந்ததும் தெரியும். இரண்டையும் சேர்த்து நினைக்கவில்லை. நான் அவருடைய கதவைத் தட்டியபோது அது பூட்டாமல் இருந்தது. டப்லெற் மேசையில் நிமிர்த்தி வைத்திருந்தது. வேறு ஏதோ கூட்டம் அதில் ஓடிக்கொண்டிருந்தது.

"வா தம்பி. பாத்தனான்," என்றார். "நல்லாத்தான் கதைச்சாய்." ஒக்சிஜன் குழாயைக் காதுக்குப் பின்னால் சரிசெய்தார். "எனக்கு ஒண்டு விளங்கேல்லை. உந்த ஆராய்ச்சிக்காரருக்கு... ரீஃபர் டீசலிலைதான் ஓடுறது எண்டு தெரியாதோ?"

"தெரியும் அண்ணை."

"டீசல் புகை கூடாது எண்டு?"

"அதுவும் தெரியும்."

"பின்னை?"

"கேள்வியிலை டீசல் எண்டு இருக்கேல்லை. நிப்பாட்டி வைச்ச ரீஃபர் எண்டுதான் இருந்தது. அதுக்குள்ளை வாற ஆராய்ச்சியை மட்டுந்தான் எடுத்தவை."

அவர் ஒரு பழுதான இயந்திரத்தைக் கேட்பதுபோலத் தலையைச் சரித்துக்கொண்டிருந்தார்.

"முதலே உப்பிடியோ இருந்தது?"

"இல்லை. முதல் டீசல் எண்டுதான் இருந்தது."

"ஆர் மாத்தினது?"

அவர் உரிமையாளர்களின் பெயரை எதிர்பார்த்தார். அவருடைய முகத்தில் அது தெரிந்தது. பாதி உண்மையை அன்றைக்கு ஒருமுறை சொல்லியாயிற்று.

"நான்தான் அண்ணை."

அவர் சிரிக்கத் தொடங்கினார் என்றுதான் முதலில் நினைத்தேன். அது இருமலாக மாறி, நிற்க வெகுநேரம் எடுத்தது. நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார்.

"ஏன்?" என்றார்.

"சரியா இருக்கவேணும் எண்டு."

"ம்," என்றார். டப்லெற்றைக் கவிழ்த்து வைத்தார். "சரி. போட்டு வாருங்கோ. நான் கொஞ்சம் படுக்கவேணும்."

அதற்குப் பிறகு லிஃப்ற்றில் கண்டால், "எப்பிடி இருக்கிறியள்?" என்பார். ரெஜிஸ்ட்ரார் என்று அவர் என்னைப் பிறகு கூப்பிடவில்லை. எதிரெதிர்க் கதவில் இருந்த பதினொரு வருடத்தில் முதன்முறையாக நாங்கள் காலநிலை பற்றிக் கதைத்தோம்.

ஒக்டோபர் மாதத்தின் முதலாவது சனிக்கிழமை மகளும் மருமகனும் வாடகை வான் கொண்டுவந்தார்கள். அவர் பெரிதாக ஒன்றும் எடுத்துப்போகவில்லை. கட்டில், மெஷின், சுவரில் இருந்த மாதா படம், உடுப்பு. நான் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன். மகள் வானுக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினாள்.

"அங்கிள், அப்பா சொன்னவர், நீங்க எவ்வளவு ட்ரை பண்ணினீங்க எண்டு. ஸீரியஸ்லி, தாங்க் யூ. வேற ஆரும் இவ்வளவு செஞ்சிருக்க மாட்டாங்க."

கேள்வியை மாற்றியது யார் என்று அவர் அவளுக்குச் சொல்லவில்லை. அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். "பரவாயில்லை பிள்ளை," என்றேன். அண்ணை முன்இருக்கையில் ஏற்கெனவே ஏறி, பெல்ற்றும் போட்டு, நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

டிசம்பர் மாதத்தில் ஒருநாள் விட்பிக்குப் போனேன். ரயில் நிலையத்தில் மருமகன் வந்து ஏற்றினார். ஒரே மாதிரியான வீடுகள், இன்னும் வளராத மரங்கள், நடைபாதையில் எங்கள் இருவரின் காலடிகளைத் தவிர வேறு எதுவும் இல்லாத பனி. அண்ணை தானே கதவைத் திறந்தார். மூக்கில் குழாய் இல்லை. மகள் பெருமையோடு சொன்னாள், இப்போது படியேறி மேல்மாடிக்குப் போகிறார், வைத்தியரே அதிசயப்படுகிறார் என்று. அவர் தேநீரை இரண்டு கையிலும் தாங்கி வந்து வைத்தார். நடுவில் நிற்கவில்லை.

"நல்லா இருக்கிறியள் அண்ணை," என்றேன்.

"ஓம். காத்து நல்லது." ஜன்னலைப் பார்த்தார். "காத்தோடை என்னத்தைக் கதைக்கிறது? காலமை ஏழு மணிக்கு ரெண்டு பேரும் போனா பின்னேரம் ஆறு. போனகிழமை பூசைக்குப் போகேல்லை, அதுக்கு முதல் கிழமையும் போகேல்லை. மருமோனுக்கு ஓவர்ரைம்." இதை ஒரே மூச்சில் சொன்னார். நான் கவனித்ததை அவரும் கவனித்தார். "இடம் மாறினதாலைதான் எண்டு டொக்ரர் சொல்லுறார். உங்கட ஆக்களுக்குச் சொல்லுங்கோ. ஒராள்தானே, கணக்கிலை வராது போலை."

நான் சொல்லத்தான் பார்த்தேன். அடுத்த நாளே அந்தக் கோயம்புத்தூர்ப் பெண்ணுக்கு மின்னஞ்சல் எழுதினேன். அவள் ஒட்டாவாவில் வேறு வேலைக்குப் போய்விட்டதாகத் தானாக ஒரு பதில் வந்தது. அவளுடைய இடத்துக்கு வந்தவர் நாலு நாள் கழித்து எழுதினார்: அந்தத் தலைப்பில் தற்போது ஆய்வு எதுவும் திட்டமிடப்படவில்லை, உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. குளிர்வண்டிகள் அன்றும் நின்றன. இப்போது எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. வாசலில் ஒரு சின்னச் சைக்கிள் நிற்கிறது.

விட்பியில் விடைபெறும்போது அண்ணை, "இவ்வளவு தூரம் அலையாதேங்கோ, போன் எடுங்கோ," என்றார். அதனால் ஜனவரியில் இருந்து ஞாயிறுதோறும் பின்னேரம் நாலு மணிக்கு எடுத்தேன். அவருடைய கைத்தொலைபேசி அடித்து ஓய்ந்தது. மூன்றாவது ஞாயிறு வீட்டு இலக்கத்துக்கு எடுத்தேன். மகள்தான் எடுத்தாள்.

"ஹாய் அங்கிள்! ஒன் மினிற், அப்பாட்டக் குடுக்கிறன்."

தொலைபேசியைக் கையால் பொத்தினாள், சரியாகப் பொத்தவில்லை. யார் என்று அவர் கேட்டது எனக்குக் கேட்டது. அவள் சொன்னதும் கேட்டது.

"நான் படுத்திட்டன் எண்டு சொல்லு."

அவள் கொஞ்சம் தயங்கிவிட்டுக் குரலில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு வந்தாள். "அங்கிள், அப்பா நல்ல நித்திரை. எழுப்பட்டா?"

"வேண்டாம் பிள்ளை," என்றேன். "படுக்கட்டும்."